விகடகவியைத் திருப்பிப் போட்டால் விகடகவி

தமிழில் சொல் விளையாட்டு ஆப் எழுதுகிறவர்களிடம் ஒரு சோதனை இருக்கிறது. புதிதாக எந்த நிரல்மொழியைத் தொட்டாலும் முதல் வேலையாக ‘விகடகவி’ என்று அடித்து, அதைத் திருப்பிப் போடச் சொல்வோம். வி, க, ட, க, வி. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் அதே சொல். ஆனால் கோட்லினில் திருப்பினால், முதலில் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் இகரத்தின் விலங்கு மட்டும் அந்தரத்தில் தொங்கும். அதற்குப் பிறகு வ, க, ட, கி, வ என்று எந்த அகராதியிலும் இல்லாத ஒன்று வரும். ஜாவாவில் அப்படித்தான், பைத்தானில் அப்படித்தான், ஃப்ளட்டருக்கான டார்ட்டிலும் அப்படித்தான்.

ஸ்விஃப்ட்டில் திருப்பினேன். விகடகவி வந்தது.

ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவிலும் கோட்லினிலும் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவன் நான். பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழ்க் குறுக்கெழுத்து ஆப் ஒன்றை ஆண்ட்ராய்டில் வைத்திருக்கிறேன். ஐபோனுக்கு எப்போது வரும் என்று பெற்றோர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வெளிநாட்டில் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் அதிகம் கேட்டார்கள். ஆகவே ஒரு மேக் மினியை வாங்கி, சில வாரங்களாக எக்ஸ்கோடுக்குள் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். வேகம், பேட்டரி, திரை பற்றியெல்லாம் எழுத எனக்குப் பெரிதாக எதுவும் இல்லை. எம்4 சில்லு, 16 ஜிபி நினைவகம் கொண்ட அடிப்படை மேக் மினி இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். 256 ஜிபி சேமிப்பிடம்தான் முதலில் நெருக்கும். எக்ஸ்கோட் ஒருபுறம், ஐஓஎஸ் சிமுலேட்டருக்கான கோப்புகள் தனியாக ஒருபுறம் என்று இடத்தைத் தின்றுவிடும். வெளி எஸ்எஸ்டி ஒன்றையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

கோட்லின் தெரிந்தவருக்கு ஸ்விஃப்ட் பயமுறுத்துவதில்லை. ‘வால்’ இருந்த இடத்தில் ‘லெட்’, ‘வென்’ இருந்த இடத்தில் ‘ஸ்விட்ச்’. மதிப்பு இல்லாமலும் போகலாம் என்று கேள்விக்குறி போட்டுச் சொல்லும் பழக்கம் இரண்டிலும் ஒன்றே. ஜெட்பேக் கம்போஸில் திரை கட்டிப் பழகிய கைக்கு ஸ்விஃப்ட்யூஐ அந்நியமாக இருக்காது. இரண்டும் ஒரே காலத்தில் ஒரே சிந்தனையிலிருந்து வந்தவை. ஸ்விஃப்ட்யூஐ 2019இல் அறிமுகமானது, கம்போஸின் முதல் நிலையான பதிப்பு 2021இல் வந்தது. இவற்றை ஒப்பிட்டு ஏராளமாக எழுதிவிட்டார்கள். யாரும் போதிய அளவு எழுதாத ஒன்று இருக்கிறது. ஸ்விஃப்ட்டின் ஸ்ட்ரிங், அதாவது உரையை வைத்திருக்கும் அந்த எளிய வகை, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே எண்ணுகிறது. தமிழில் ஆப் செய்கிறவருக்கு இந்தத் தளத்தில் கிடைக்கும் மிகப் பெரிய பரிசு இதுவே என்பது என் தீர்ப்பு.

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஸ்விஃப்ட்டிடம் கேட்டால் 3 என்கிறது. த, மி, ழ். அதே கேள்விக்குக் கோட்லினின் பதில் 5. த, ம, விலங்கு, ழ, புள்ளி என்று உதிரிகளை எண்ணிச் சொல்கிறது. ‘பள்ளிக்கூடம்’ நமக்கு 7 எழுத்து, ஸ்விஃப்ட்டுக்கும் 7, கோட்லினுக்கு 12. ‘எஃகு’ நமக்கும் ஸ்விஃப்ட்டுக்கும் 3, கோட்லினுக்கு 4.

இதற்குக் காரணம் கோட்லினின் அலட்சியம் இல்லை. 1991இல் யூனிகோட் வந்தபோது, இந்திய எழுத்துகளின் பகுதிகளை இஸ்கி என்ற இந்தியத் தரத்தை ஒட்டி அமைத்தார்கள். அதன்படி உயிருக்கு ஓர் எண், அகரமேறிய மெய்க்கு ஓர் எண், காலுக்கும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண்கள். நம் 247 எழுத்தில் 12 உயிர், 18 அகர உயிர்மெய், ஆய்தம் ஆகிய 31 மட்டுமே ஒற்றை எண்ணில் அடங்கும். மற்ற 216 எழுத்தும் இரண்டு எண்கள் சேர்ந்தால்தான் கிடைக்கும். இதை மாற்றி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வேண்டும் என்று தமிழ்க் கணிமையில் நீண்ட காலம் வாதாடினார்கள். அந்த வாதத்திலிருந்து பிறந்த டேஸ்16 குறியேற்றத்தை 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்தது. ஆனால் போன்களும் இணையமும் யூனிகோடோடு நின்றுவிட்டன. டேஸ்16 எழுதியவர்கள் குறியேற்றத்தின் அடித்தளத்தில் கேட்டதை, ஸ்விஃப்ட் ஒரு மாடி மேலே, நிரல்மொழியின் தளத்தில் கொடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அடியில் எத்தனை எண்கள் கிடந்தாலும் நிரல் எழுதுகிறவர் கைக்கு வருவது முழு எழுத்து.

எந்தெந்தக் குறிகள் சேர்ந்து வாசிப்பவர் கண்ணுக்கு ஓர் எழுத்தாகும் என்பதற்கு யூனிகோட் அமைப்பே விதிகள் வகுத்து வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் அந்த விதிகள் இருக்கின்றன. பிரேக்இட்டரேட்டர் என்ற கருவியை அழைத்து, ஒவ்வோர் எல்லையாக நகர்ந்து, வெட்டி வெட்டி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது நூலகத்தின் மூலையில் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பல தமிழ் ஆப்கள் கடைக்கு வந்துவிடுகின்றன. ஸ்விஃப்ட்டில் கேரக்டர் என்ற அடிப்படை வகையே அந்த விதிப்படி அமைந்தது. தமிழ் தெரியாத ஒருவர், தமிழை நினைக்காமலே எழுதும் ஆப்பும் ‘ழ்’ஐ உடைக்காது. எனக்கு இதில் பிடித்தது இதுதான். சரியான வழி, சோம்பேறித்தனமான வழியும் ஆகிவிடுகிறது.

இந்த முடிவுக்கு ஸ்விஃப்ட் நேர்வழியில் வரவில்லை. கிறிஸ் லாட்னர் தொடங்கிவைத்த மொழி 2014இல் வெளியானபோதே ஸ்ட்ரிங்கை எழுத்துகளின் வரிசையாக நடத்தியது. 2015இல் ஸ்விஃப்ட் 2 அதை விலக்கிக்கொண்டது. எழுத்து வேண்டுமானால் தனியாக ஒரு வாசல் வழியாகப் போக வேண்டியிருந்தது. 2017இல் ஸ்விஃப்ட் 4 பழைய நிலைக்கே திரும்பியது. 2019இல் ஸ்விஃப்ட் 5 வந்தபோது உள்ளே சேமிக்கும் முறையையே யூடிஎஃப்-8க்கு மாற்றினார்கள். அத்தனை மாற்றத்துக்கு நடுவிலும் கேரக்டர் என்றால் வாசகரின் எழுத்து என்ற கொள்கையை மட்டும் அவர்கள் கைவிடவில்லை.

உள்ளே எட்டிப் பார்க்க வேண்டுமானால் அதற்கும் வழி இருக்கிறது. ‘தமிழ்’ என்ற ஒரே சொல்லை எழுத்துகளாகக் கேட்டால் 3, யூனிகோட் எண்களாகக் கேட்டால் 5, யூடிஎஃப்-8 பைட்டுகளாகக் கேட்டால் 15. எது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், பெயர் சொல்லாமல் கேட்டால் எழுத்து வரும்.

இது குறுக்கெழுத்தில் என்ன செய்தது என்று சொல்கிறேன். என் ஆண்ட்ராய்ட் ஆப்பில் சொல்லைக் கட்டங்களாகப் பிரிப்பதற்கென்றே ஒரு தனிக் கோப்பு இருக்கிறது. உரை எங்கெல்லாம் கையில் வருகிறதோ அங்கெல்லாம் அந்தக் கோப்பை அழைத்தாக வேண்டும். ஓரிடத்தில் அழைக்காமல் விட்டாலும் ஒரு கட்டத்தில் புள்ளி மட்டும் உட்கார்ந்திருக்கும். உள்ளீட்டுப் பெட்டியில் ‘மேக்ஸ்லெங்த்’ என்று ஒரு வரம்பு போடலாம். அதுவும் உதிரிகளைத்தான் எண்ணும். 7 என்று வரம்பு போட்டால் ‘பள்ளிக்கூடம்’ என்று அடிக்கும் பிள்ளை ‘பள்ளிக்’ என்பதோடு நின்றுவிடும். ஐஓஎஸ் பதிப்பில் அந்தக் கோப்புக்கே வேலை இல்லை. சொல்லை வரிசையாக மாற்று என்று ஒரு வரி எழுதினால் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக வந்து நிற்கிறது. எண்ணிக்கை வரம்பும் ஒரே வரி.

பிறகு ஆசை பெருகியது. தமிழில் மாலைமாற்று என்று ஒரு வகை இருக்கிறது. முதலிலிருந்து படித்தாலும் முடிவிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் செய்யுள். சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. அதன் முதல் பாட்டை எடுத்து, இடைவெளியும் வரிமுறிவும் நீக்கி, திருப்பிப் போட்டதும் அதுவும் ஒன்றா என்று கேட்டேன். 28 எழுத்து, ஒன்றுதான் என்று பதில் வந்தது. அந்தப் பாட்டு முழுக்க நெடில், ஏறக்குறைய எல்லா எழுத்துக்கும் பின்னால் ஒரு கால். உதிரிகளை எண்ணும் மொழியில் திருப்பினால் கால்கள் எல்லாம் இடம்மாறி, பாட்டே சிதறிவிடும். ஆயிரம் ஆண்டுக்கும் முன் ஒருவர் எழுத்தை எதுவென்று எண்ணி இதைக் கட்டினாரோ, அதையே என் மேசையில் இருக்கும் இயந்திரமும் எண்ணியதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

இன்னொரு வசதி கண்ணுக்குத் தெரியாதது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறி என்ற ஒரே எண்ணைச் சேர்ப்பது ஒன்று. க-வோடு ஒற்றைக் கொம்பு, பிறகு கால் என்று இரண்டு எண்களைச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை மாற்றியெடுக்கும்போது இந்த இரண்டாவது வடிவம் அடிக்கடி வந்துவிடும். தமிழில் சொற்பட்டியல் சேகரித்தவர் எவரும் இதைச் சந்தித்திருப்பார். கோட்லினில் இரண்டையும் ஒப்பிட்டால் ‘வேறு வேறு’ என்று பதில் வரும். பிள்ளை சரியாகத்தான் அடித்திருப்பாள், ஆப் தவறு என்று சிவப்புக் காட்டும். ஏன் தவறு என்று அவளுக்கும் தெரியாது, பக்கத்தில் இருக்கும் ஆசிரியருக்கும் தெரியாது. குழந்தைக்கான ஆப்பில் இதைவிடப் பெரிய குற்றம் இல்லை என்று நினைக்கிறேன். ஸ்விஃப்ட் இரண்டையும் சமம் என்கிறது. சொற்களை ஒரு கணமாக (செட்) போட்டுவைத்தால் இரட்டை வடிவங்கள் தாமாகவே ஒன்றாகிவிடுகின்றன. கோ, கௌ, ஔ எல்லாவற்றுக்கும் இப்படியே.

ஆனால் ஔவையாரை ஒகரமும் ளகரமும் சேர்த்து ‘ஒளவை’ என்று அடித்துவைக்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறதே, அதை ஸ்விஃப்ட்டாலும் காப்பாற்ற முடியாது. அது யூனிகோட் கணக்கில் வேறு சொல். சொற்பட்டியலை நாமே உட்கார்ந்து திருத்த வேண்டும்.

மாத்திரை எண்ணும் சின்ன விளையாட்டு ஒன்றையும் இதே சூட்டில் சேர்த்தேன். எழுத்தை எடு, அதற்குள் கடைசியாக இருக்கும் யூனிகோட் எண்ணைப் பார். புள்ளியாகவோ ஆய்தமாகவோ இருந்தால் அரை மாத்திரை, நெடில் குறியாக இருந்தால் இரண்டு, மற்றவை ஒன்று. தனி உயிருக்கு மட்டும் ஒரு சிறு பட்டியல். எளிமையான நிரல். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு எண்களால் எழுதிய ‘கொ’வில் கடைசியாக இருப்பது கால். காலைப் பார்த்ததும் நிரல் அதை நெடிலாக எடுத்துக்கொண்டு இரண்டு மாத்திரை போட்டுவிடும், ‘கொ’ குறிலாக இருந்தும். வெளியிலிருந்து பார்த்தால் சமம், உள்ளே போனால் சமம் இல்லை. உள்ளே கைவைக்கிறவர் முதலில் எல்லாச் சொல்லையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஃபவுண்டேஷன் நூலகத்தில் அதற்கு ஒரே அழைப்பு போதும். தமிழ் ஆப் செய்கிற எவரும் உரையை உள்ளே வாங்கும் வாசலிலேயே இதைச் செய்துவிடுவது நல்லது.

இனி எரிச்சல்கள். ஸ்விஃப்ட்டுக்குப் புதிதாக வருகிறவர் முதல் நாளே முட்டிக்கொள்ளும் இடம் இதே ஸ்ட்ரிங்தான். மூன்றாவது எழுத்தைக் கொடு என்று 2 என்ற எண்ணைக் காட்டிக் கேட்டால் நிரல் தொகுக்கவே மறுக்கும். தொடக்க இடத்தை வாங்கி, அங்கிருந்து இரண்டு இடம் நகர்ந்த புதிய இடத்தை வாங்கி, அந்த இடத்தில் இருப்பதைக் கேட்க வேண்டும். மற்ற மொழிகளில் நான்கு விசை அழுத்தினால் முடிகிற வேலை, இங்கே ஒரு வரி முழுக்க ஓடுகிறது. இணையம் முழுக்க இதைப் பற்றிய புலம்பல்கள் இருக்கின்றன. எனக்கும் தொடக்கத்தில் கோபம் வந்தது. காரணம் தெரிந்த பிறகு கோபம் தணிந்தது, எரிச்சல் மட்டும் மிச்சம் இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு நீளம். நீளம் ஒரே மாதிரி இல்லாத பெட்டிகள் கோத்த ரயிலில் ஏழாவது பெட்டி எங்கே நிற்கும் என்று பிளாட்பாரத்தில் முன்கூட்டிக் கோடு போட முடியாது, எஞ்சினிலிருந்து எண்ணிக்கொண்டே போக வேண்டும். அந்த நடைக்கு நேரம் பிடிக்கும் என்பதை மறைக்காமல் காட்டத்தான் இவ்வளவு நீளமாக எழுதவைக்கிறார்கள்.

நியாயம்தான். ஆனாலும் மொழியை வடிவமைத்தவர்கள் இதற்குச் சுருக்கமான ஒரு வழியை இத்தனை ஆண்டுகளில் கொடுத்திருக்கலாம். இப்போதைக்குப் புதியவர்களுக்கு என் ஆலோசனை: ஒரு சொல்லோடு நிறைய வேலை இருக்கிறதென்றால் அதை முதலிலேயே எழுத்துகளின் அரேயாக மாற்றிவிடுங்கள். பிறகு 0, 1, 2 என்று விருப்பம்போல் கேட்கலாம். எண்ணிக்கையைக் கேட்பதுகூட ஒவ்வொரு முறையும் முழுச் சொல்லையும் நடந்து எண்ணுகிற வேலை என்பதால், சுழற்சிக்குள் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள்.

அடுத்த எரிச்சல் பெரியது. ஸ்விஃப்ட்டின் இந்த அருமை ஸ்விஃப்ட்டின் எல்லைக்குள் மட்டுமே. அதற்கு அடியில் பழைய ஃபவுண்டேஷன், யூஐகிட் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அங்கே உரை என்றால் என்எஸ்ஸ்ட்ரிங். அது கோட்லினைப் போலவே ‘தமிழ்’ என்பதற்கு 5 என்று சொல்லும். யூஐகிட்டின் உரைப்பெட்டி, பயனர் எந்த இடத்தில் மாற்றம் செய்கிறார் என்பதை அந்தப் பழைய கணக்கில்தான் தெரிவிக்கிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷனின் பழைய வகுப்பும் அதே கணக்கில்தான் இடம் சொல்கிறது. அந்த எண்ணை வாங்கி நேரே ஸ்விஃப்ட் எழுத்து வரிசையில் பயன்படுத்தினால் வேறெங்கோ வெட்டும். ஆங்கில உரையில் இரண்டு கணக்கும் பெரும்பாலும் ஒன்றாகவே வருவதால், ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தப் பிழை தென்படாது. பாடநூல்களில் வரும் உதாரணங்களும் ஆங்கிலம்தான். பழைய இடக்கணக்கை ஸ்விஃப்ட் இடமாக மாற்றித் தரும் வசதி இருக்கிறது. அதை எல்லையில் நின்று ஒவ்வொரு முறையும் பயன்படுத்தியாக வேண்டும். 2021இல் வந்த ஆட்ரிபியூட்டட்ஸ்ட்ரிங் என்ற புதிய வகை இதில் நிம்மதி தருகிறது. சொல்லுக்குள் ஓர் எழுத்துக்கு மட்டும் நிறம் மாற்ற வேண்டுமென்றால் முழு ‘ழ்’க்கும் புள்ளியோடு சேர்த்து நிறம் ஏறுகிறது.

அகரவரிசையும் தானாக வராது. ஸ்விஃப்ட்டின் சாதாரண வரிசைப்படுத்தல் யூனிகோட் எண்களைப் பார்த்து அடுக்குகிறது. யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்து இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் ன கடைசி. ஆகவே ‘மனம்’ முன்னால் வந்து, ‘மரம்’ பின்னால் போய்விடும். புள்ளி வைத்த மெய்யும் தன் உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னால் தள்ளப்படும். தமிழ் மரபுப்படி ஒப்பிடு என்று வட்டாரத்தைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். ஆண்ட்ராய்டிலும் நிலைமை இதுவே என்பதால் இதில் ஒருவர் மற்றவரை விட உசத்தி இல்லை.

‘க்ஷ’வும் ‘ஸ்ரீ’யும் விதிவிலக்கு. பலர் இவற்றை ஓர் எழுத்தாகவே எழுதிப் பழகியவர்கள், திரையிலும் ஒரே வடிவமாகவே தெரியும். ஸ்விஃப்ட் இரண்டாக எண்ணுகிறது: க், ஷ. ஸ், ரீ. யூனிகோட் விதிகளில் 2023இல் தேவநாகரி, தெலுங்கு, மலையாளம் போன்ற சில எழுத்துமுறைகளுக்குக் கூட்டெழுத்தைச் சேர்த்து எண்ணும் விதி வந்தது. தமிழ் அதில் இல்லை. எனக்கு இது சரியென்றே படுகிறது. ‘பக்கம்’ என்பதில் க், க இரண்டும் இரண்டு எழுத்து என்று எண்ணும் மொழிக்கு அந்த விதி பொருந்தாது. குறுக்கெழுத்துக் கட்டத்தில் ‘பக்ஷி’ போன்ற சொல் வந்தால் மட்டும் என்ன செய்வது என்று நீங்களே முடிவெடுக்க வேண்டும். நான் அந்த மாதிரிச் சொற்களை விட்டுவிட்டேன், பறவை என்ற சொல் இருக்கும்போது பிள்ளைகளுக்கு இழப்பொன்றும் இல்லை.

ஸ்விஃப்ட்யூஐயில் ஓர் எச்சரிக்கை. எழுத்துகளை வரிசையாகக் கட்டம் போட்டுக் காட்டும்போது, ஒவ்வொரு கட்டத்துக்கும் அடையாளமாக அந்த எழுத்தையே கொடுக்கும் சுருக்கவழியைப் பல பாடங்களில் சொல்லித் தருகிறார்கள். ‘விகடகவி’யில் க இரண்டு, வி இரண்டு. இரண்டு கட்டத்துக்கு ஒரே அடையாளம் வந்தால் திரை குழம்பும். இடவரிசை எண்ணை அடையாளமாகக் கொடுங்கள்.

மறுபுறம், அரேயும் ஸ்ட்ரக்ட்டும் ஸ்விஃப்ட்டில் மதிப்பாக நகலாவது சொல் விளையாட்டுக்குப் பெரிய வரம். பலகையின் இப்போதைய நிலையை வேறொரு பெயரில் வைத்துக்கொண்டால் போதும், பிறகு பலகையில் எதை மாற்றினாலும் அது மாறாது. ‘ஒரு படி பின்னால் போ’ என்ற பொத்தானை ஆண்ட்ராய்டில் கவனமாகக் கட்ட வேண்டியிருந்தது. இங்கே பழைய பலகைகளை ஒரு பட்டியலில் போட்டுக்கொண்டே வந்தால் வேலை முடிந்தது.

எழுத்துருவைப் பற்றி ஒரு வார்த்தை. மேக்கிலும் ஐபோனிலும் இருக்கும் ‘தமிழ் சங்கம் எம்என்’ மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் வடித்தது. பெயரில் இருக்கும் எம்என் அவருடைய முதலெழுத்துகள். பெரிய அளவில், கட்டத்துக்கு ஒன்றாக எழுத்து நிற்கும்போது அந்த வடிவங்களின் தெளிவு கண்ணுக்கு இதமாக இருக்கிறது. நான் தனி எழுத்துரு எதையும் சேர்க்கவில்லை.

ஆப்பிளின் கதவுக்காவலைச் சொல்லாமல் இந்தத் தளத்தைப் பரிந்துரைக்க முடியாது. எக்ஸ்கோட் இலவசம், ஆனால் மேக் இல்லாமல் ஓடாது. இலவசக் கணக்கோடு சொந்த ஐபோனில் ஆப்பைப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் 7 நாளில் அது திறக்க மறுக்கும், மறுபடி எக்ஸ்கோடிலிருந்து போட வேண்டும். ஐஓஎஸ் 16 முதல் போனில் டெவலப்பர் மோடை இயக்கி, போனை மறுதொடக்கம் செய்தால்தான் அதுவும் நடக்கும். கடையில் வைக்க ஆண்டுக்கு 99 டாலர், ஆண்டுதோறும். கூகுள் பிளேயில் ஒரே முறை 25 டாலர் கட்டினால் முடிந்தது. சமநிலைக்காகச் சொல்ல வேண்டும், கூகுளும் இப்போது புதிய தனிநபர் கணக்குகளிடம் 12 பேரை வைத்து 14 நாள் சோதித்துக் காட்டச் சொல்கிறது.

வருமானம் தரும் ஆப்புக்கு 99 டாலர் ஒரு பொருட்டில்லை. விளம்பரம் இல்லாமல், காசு வாங்காமல், பிள்ளைகளுக்கென்று ஒருவர் தனியாக நடத்தும் ஆப்புக்கு அது ஆண்டுதோறும் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். கட்டுவதை நிறுத்தினால் ஆப் கடையிலிருந்து இறங்கிவிடும். லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் ஆப்பிள் கட்டண விலக்கு தருகிறது, தனிநபருக்குத் தருவதில்லை. சிறிய மொழிச் சமூகங்களில் ஆப் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தனிநபர்கள்தான். மொழியின் அடிப்படை வகையிலேயே எல்லா மொழிகளையும் மதித்த ஒரு நிறுவனம், கடை வாசலிலும் கொஞ்சம் மதிக்கலாம். இதை நான் கோபமாகவே சொல்கிறேன். ஆனாலும் கட்டிவிட்டேன். டொராண்டோவில் இருக்கும் ஒரு பிள்ளை தன் அம்மாவின் ஐபோனில் ‘பள்ளிக்கூடம்’ என்று ஏழு கட்டத்தை நிரப்ப வேண்டும் என்றால் வேறு வழியில்லை.

நீங்கள் ஆண்ட்ராய்டிலிருந்தோ இணையத்திலிருந்தோ இந்தப் பக்கம் வர நினைத்தால், மேக் வாங்குவதை முதல் படியாக வைக்காதீர்கள். ஸ்விஃப்ட் 2015 டிசம்பரிலேயே திறமூலமானது. லினக்ஸிலும் விண்டோஸிலும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். திரை கட்ட முடியாது, ஆனால் உரையோடு செய்யும் வேலை எல்லாம் ஓடும். வீட்டில் ஐபேட் இருந்தால் ஸ்விஃப்ட் பிளேகிரவுண்ட் என்ற ஆப்பில் திரையும் கட்டலாம். 2021 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பிலிருந்து அங்கிருந்தே கடைக்கும் அனுப்ப முடிகிறது. உங்கள் ஆப்பில் இருக்கும் தமிழ்ச் சொற்பட்டியலை அப்படியே எடுத்து, சேர்ந்த வடிவுக்கு மாற்றி, ஒரு கணமாகப் போடுங்கள். பழைய பட்டியலின் எண்ணிக்கைக்கும் புதியதின் எண்ணிக்கைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அத்தனையும் உங்கள் ஆண்ட்ராய்ட் ஆப்பில் இன்றைக்கும் இருக்கும் பிழைகள். ஐபோனுக்குப் போகிறீர்களோ இல்லையோ, அவற்றை இந்த வாரமே திருத்திவிடலாம்.